கொசுறு வேண்டாம் அக்கா

(ரங்கூன், அனோரதா சாலை. காளியம்மன் கோயிலுக்குப் பக்கத்துச் சந்தில் முனியம்மாவின் தயிர்க்கடை. கடை என்றால் ஒரு முக்காலி, இரண்டு பானை, ஒரு தராசு. காலை ஏழு மணிக்கு கோவிந்தன் தூக்குச்சட்டியோடு வருகிறார்.)

முனியம்மா: வா தம்பி. வழக்கம்போல வெல்லப்பாகு ஊற்றித் தரவா?

கோவிந்தன்: பாகு வேண்டாம் அக்கா. ஒரு துளி இனிப்புகூட இருக்கக் கூடாது. வெறும் தயிர், கொஞ்சம் போதும்.

முனியம்மா: ஐயோ, வீட்டில் யாருக்குச் சர்க்கரை வியாதி?

கோவிந்தன்: யாருக்கும் இல்லை. இது சோப்புக்கு.

முனியம்மா: சோப்புக்குச் சர்க்கரை வியாதியா?

கோவிந்தன்: தயிர் போட்டுச் சோப்பு செய்கிறேன் அக்கா. தயிரில் இருக்கிற பால் சர்க்கரையே காஸ்டிக் சோடாவோடு சேர்ந்தால் சூடு ஏறிவிடுகிறது. பாகும் சேர்ந்தால் அவ்வளவுதான், சோப்பு அச்சை விட்டுப் பொங்கி வெளியே நடந்து வந்துவிடும்.

(முனியம்மா கரண்டியைக் கீழே வைக்கிறார். முப்பது வருஷ வியாபாரத்தில் அந்தக் கரண்டி இப்படிப் பாதியில் நின்றதில்லை.)

முனியம்மா: ராத்திரி பூராவும் பானைக்குச் சாக்கு போர்த்தி, பிள்ளை மாதிரி பார்த்து உறைய வைக்கிறேன். அதை நீ அக்குளில் தேய்க்கப் போகிறாயா?

கோவிந்தன்: தோலுக்கு நல்லது என்கிறார்கள்.

முனியம்மா: தோலுக்குத்தான் பர்மாக்காரர்கள் முகத்தில் பூசுகிற தனக்கா கட்டை இருக்கிறதே, சந்தனம் மாதிரி கல்லில் நாலு இழுப்பு இழுத்தால் ஆயிற்று. தயிர்தான் வேண்டும் என்றால் நேரே பூசிக் குளித்துத் தொலையேன். சோடா என்னத்துக்கு?

கோவிந்தன்: எண்ணெயும் காஸ்டிக் சோடாவும் கலந்தால்தான் அக்கா சோப்பு. சோடாவைக் கரைக்கத் தண்ணீர் வேண்டும். அந்தத் தண்ணீரில் ஒரு பங்குக்குப் பதிலாகத் தயிர். தயிரில் 100-க்கு 85 பங்குக்கு மேல் தண்ணீர்தானே.

முனியம்மா: என்ன சொன்னாய்? என் தயிரில் தண்ணீரா?

கோவிந்தன்: நீங்கள் ஊற்றியது இல்லை அக்கா! மாடு ஊற்றியது.

முனியம்மா: அப்படிச் சொல்லு. சரி, என் தயிரின் புளிப்பு என்ன ஆகும்?

கோவிந்தன்: அதைச் சோடா தின்றுவிடும். லாக்டிக் அமிலம் சோடியம் லாக்டேட்டாக மாறிவிடும். சோப்பு நல்ல கெட்டியாக நிற்க அது உதவும். ஆனால் உறைக் கிருமி ஒன்றுகூடப் பிழைக்காது. மிச்சம் கொஞ்சம் கொழுப்புதான். நுரை வழவழப்பாக வரும்.

முனியம்மா: அப்போது அந்தச் சோப்பைப் பாலில் போட்டால் உறையாது.

கோவிந்தன்: உறையாது. தயவுசெய்து போட்டுப் பார்த்துவிடாதீர்கள்.

முனியம்மா: இதற்கு முன்னால் செய்திருக்கிறாயா?

கோவிந்தன்: போன மாதம் செய்தேன். சோடாவை அம்மாவின் அலுமினியக் குண்டானில் கரைத்தேன். புஸ்ஸென்று பொங்கியது. அலுமினியத்தில் காஸ்டிக் பட்டால் ஹைட்ரஜன் வாயு கிளம்பும் என்று அப்புறம்தான் தெரிந்தது. நல்ல வேளை, பக்கத்தில் அடுப்பு எரியவில்லை. குண்டான் போயிற்று.

முனியம்மா: அம்மா என்ன சொன்னார்?

கோவிந்தன்: இன்னும் சொல்லிக்கொண்டிருக்கிறார். அப்புறம் ஸ்டீல் பாத்திரத்துக்கு மாறினேன். தயிரை ஐஸ்கட்டியாக உறைய வைத்து, அதன்மேல் சோடாவைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தூவ வேண்டும். உறைய வைத்தேன். கரண்ட் போயிற்று.

முனியம்மா: நம்ம ஊரில் கரண்டை நம்பிச் சோப்பு செய்தாயா?

கோவிந்தன்: தயிர் உருகிவிட்டது. பரவாயில்லை என்று சோடாவைப் போட்டேன். முதலில் மஞ்சள், பிறகு ஆரஞ்சு, கடைசியில் பழுப்பு. பால் சர்க்கரை கருகிவிட்டது. நெடியா? அம்மோனியா. பஸ் நிலையத்துப் பின்சுவர் வீட்டுக்குள் வந்தது போல இருந்தது. அதை ஐஸ் அச்சிலேயே ஊற்றினேன். மூன்றாம் நாள் கழற்றினால், நெடி போய்விட்டது. ஆனால் பார்க்க அச்சு அசல் பனைவெல்லத் துண்டு. தட்டில் அடுக்கி மேசைமேல் காய வைத்தேன். அன்றைக்கென்று மௌல்மீனிலிருந்து மாமனார் வந்தார். வெறுந்தேநீர் ஊற்றிக்கொண்டு மேசையருகே உட்கார்ந்தார்...

முனியம்மா: வேண்டாம் தம்பி, சொல்லாதே.

கோவிந்தன்: ஒரு துண்டை எடுத்து நாக்கில் வைத்தார். துள்ளி எழுந்தார். கால் மணி நேரம் தண்ணீர் விட்டுக் கொப்பளிக்க வைத்தோம். வாயைத் துடைத்துக்கொண்டு கேட்டார்: “மாப்பிள்ளை, ஊர் பூராவும் கரண்ட் இல்லை. இந்த வெல்லத்தில் மட்டும் எப்படி ஓடுகிறது?”

(முனியம்மா தராசைப் பிடித்துக்கொண்டு சிரிக்கிறார். தராசும் சேர்ந்து ஆடுகிறது.)

கோவிந்தன்: சிரிக்காதீர்கள். சோப்பு செய்கிறவர்கள் வேண்டுமென்றே நாக்கு நுனியில் தொட்டுப் பார்ப்பதுண்டு. சுரீரென்று ஷாக் அடித்தால் சோடா மிஞ்சியிருக்கிறது என்று அர்த்தம்.

முனியம்மா: அப்படியென்றால் மாமனார் விருந்துக்கு வரவில்லை, பரிசோதனைக்கு வந்திருக்கிறார். சோடா ஏன் மிஞ்சியது?

கோவிந்தன்: தேங்காய் எண்ணெய் 100 கிராமுக்குச் சுமார் 18 கிராம் சோடா பிடிக்கும். அந்தக் கணக்கை எழுதிக்கொண்டு கடைக்குப் போனேன். விலையைக் கேட்டதும் கடலை எண்ணெய் வாங்கி வந்துவிட்டேன். அதற்கு 13.5 கிராம்தான்.

முனியம்மா: எண்ணெயை மாற்றினாய், கணக்கை மாற்றவில்லை.

கோவிந்தன்: ஆமாம். இந்தத் தடவை எல்லாம் சரியாகச் செய்வேன். கையுறை வாங்கியாயிற்று. தண்ணீரில் சோடாவைப் போடுவேன், சோடாவில் தண்ணீரை ஊற்ற மாட்டேன். எண்ணெயில் கலந்து கூழ் பதம் வந்த பிறகுதான் தயிர். ஐஸும் வேண்டாம், கரண்டும் வேண்டாம். போர்வை போர்த்தாமல் காற்றாட விட்டு, நாலு வாரத்திலிருந்து ஆறு வாரம் காய வைப்பேன்.

முனியம்மா: மாமனார் மறுபடி எப்போது வருகிறார்?

கோவிந்தன்: அடுத்த வாரம்.

முனியம்மா: தட்டில் பெயர் எழுதி வை, தம்பி. சரி, எவ்வளவு தயிர்?

கோவிந்தன்: 150 கிராம்.

முனியம்மா: என் தராசுக்குக் கிராம் தெரியாது. வீசையில் சொல்லு.

கோவிந்தன்: ஒரு வீசை 1,633 கிராம். பத்தில் ஒரு பங்கு போட்டால் 163...

முனியம்மா: எங்கள் பாட்டி சொன்ன ஊர் வீசை 1,400 கிராம்தான் வரும். கப்பல் ஏறியதும் அதுவும் பெருத்துவிட்டது போல. (நிறுக்கிறார்.) இந்தா. இது கொசுறு.

கோவிந்தன்: கொசுறு வேண்டாம் அக்கா! ஏற்கெனவே 13 கிராம் கூட!

முனியம்மா: இந்தச் சந்தில் கொசுறு வேண்டாம் என்ற முதல் ஆள் நீதான். (இன்னொரு கரண்டி விழுகிறது.) சோப்பில் போடாதே, மாமனாருக்குக் கொடு. பாவம், அந்த நாக்குக்கு நீ ஏதாவது செய்ய வேண்டாமா?