மதிப்பெண்ணை நம்பி வரிசைப்படுத்தினால் எப்படி?

'யெஸ் மினிஸ்டர்', அதன் தொடர்ச்சியான 'யெஸ் பிரைம் மினிஸ்டர்' என்ற பிரிட்டிஷ் அரசியல் நகைச்சுவைத் தொலைக்காட்சித் தொடர்கள் இரண்டின் 38 அத்தியாயங்களையும் உங்கள் பதிவில் பார்வையாளர் மதிப்பெண்படி அடுக்கியிருக்கிறீர்கள். உழைப்பு தெரிகிறது. ஆனால் 'தி கம்பாஷனேட் சொசைட்டி' அத்தியாயத்தை நடுவில் தள்ளியதை ஏற்க முடியவில்லை. அதில் வருவது, சுமார் 500 ஊழியர்கள் இருந்தும் ஒரு நோயாளிகூட இல்லாத புது மருத்துவமனை. மருத்துவர், செவிலியர் யாருமே நியமிக்கப்படவில்லை. அமைச்சர் ஹேக்கர் பதறுகிறார். நிர்வாகி அம்மையாரோ, வட்டாரத்திலேயே சுத்தமான மருத்துவமனை என்று பரிசுக்குப் போட்டியிடுகிறோம் என்று பெருமையடிக்கிறார்! நோயாளியே வராவிட்டால் சுத்தமாக இருக்காமல் என்ன செய்யும்? 1981-ல் ஒளிபரப்பானது, இன்றும் அப்படியே பொருந்துகிறது.

ஹேக்கர் பிரதமராகும் 1984 கிறிஸ்துமஸ் சிறப்பு அத்தியாயம் 'பார்ட்டி கேம்ஸ்' மேலே இருப்பது சரி. அதில் எனக்குச் சண்டை இல்லை.

அப்புறம், மதிப்பெண், கருத்துக்கணிப்பு என்றாலே 'தி மினிஸ்டீரியல் பிராட்காஸ்ட்' அத்தியாயம்தான் நினைவுக்கு வரும். கட்டாய ராணுவப் பயிற்சி வேண்டுமா என்று, மூத்த அரசு அதிகாரி சர் ஹம்ப்ரி, ஹேக்கரின் தனிச்செயலர் பெர்னார்டிடம் கருத்துக்கணிப்பு எடுப்பவர் போலக் கேட்கிறார். முதலில் வேலையில்லாத இளைஞர்கள், குற்றங்கள், ஒழுங்கின்மை என்று கேள்விகளை அடுக்குகிறார். பெர்னார்டு 'ஆம், வேண்டும்' என்கிறார். அடுத்து போர் அபாயம், இளைஞர் கையில் துப்பாக்கி என்று ஆரம்பிக்கிறார். அதே பெர்னார்டு, அதே பயிற்சியை எதிர்க்கிறார். இரண்டே நிமிடம்தான்.

நடிப்பைப் பற்றி ஒரு வரியாவது எழுதியிருக்கலாம். ஹம்ப்ரியாக வந்த நைஜல் ஹாதோர்னுக்கு இந்த வேடத்துக்காக நான்கு பாஃப்டா (பிரிட்டிஷ் திரை, தொலைக்காட்சி விருது). ஹேக்கராக நடித்த பால் எடிங்டனுக்கு ஒன்றுகூட இல்லை. தோற்றுப்போன முகத்தில் அவர் காட்டும் அந்த அசட்டுச் சிரிப்பு இல்லாவிட்டால் ஹம்ப்ரியின் நீள வசனம் எடுபடுமா?