சளி மஞ்சளானால் ஃப்ளூவா? அந்த ஃபார்வர்டு தவறு

"சளி மஞ்சளாகவோ பச்சையாகவோ வந்தால் அது ஃப்ளூ. மூன்று நாள் அசித்ரோமைசின் போட்டால் போதும்" என்று ஒரு வாட்ஸ்அப் செய்தி சுற்றுகிறது. இரண்டுமே தவறு.

கிருமியோடு மோதும் வெள்ளை அணுக்களால்தான் சளி நிறம் மாறுகிறது. சாதாரண ஜலதோஷத்திலும் இரண்டு மூன்று நாளில் இப்படி ஆகும். வித்தியாசம் தெரிவது பெரும்பாலும் நோய் தொடங்கும் விதத்தில்தான். ஜலதோஷம் தொண்டைக் கரகரப்பு, தும்மல், மூக்கொழுகல் என்று மெல்ல வரும். ஃப்ளூ திடீரென்று அடிக்கும்: காலையில் நன்றாக இருந்தவர் சாயங்காலம் காய்ச்சல், குளிர், உடம்புவலியோடு படுத்துவிடுவார். சந்தேகம் இருந்தால் பரிசோதனைதான் உறுதி சொல்லும்.

இரண்டுமே வைரஸ். அசித்ரோமைசின் பாக்டீரியாவுக்கான மருந்து, வைரஸை ஒன்றும் செய்யாது. காய்ச்சல், இருமலுக்கெல்லாம் இதைத் தேவையில்லாமல் விழுங்காதீர்கள் என்று இந்திய மருத்துவச் சங்கம் 2023 மார்ச்சிலேயே அறிவுறுத்தியது. இந்த வகை மருந்து வைரஸிடம் வேலை செய்யாது என்பதை உலக சுகாதார நிறுவன இணையதளத்திலும் பார்க்கலாம்.

கர்ப்பிணிகள், முதியவர்கள், சிறு குழந்தைகள், சர்க்கரை, ஆஸ்துமா உள்ளவர்களுக்கு ஃப்ளூ ஆபத்தாகலாம். ஃப்ளூவுக்கான ஓசெல்டமிவிர் என்ற வைரஸ் எதிர்ப்பு மருந்து, அறிகுறி தெரிந்த முதல் 48 மணி நேரத்துக்குள் தொடங்கினால்தான் நன்றாகப் பலன் தரும். எனவே மருந்துக்கடைக்குப் போகாமல் உடனே டாக்டரைப் பாருங்கள். மூச்சுத்திணறல் என்றால் யாராக இருந்தாலும் நேராக ஆஸ்பத்திரிதான்.

அந்தச் செய்தியை தயவுசெய்து இனி யாருக்கும் அனுப்பாதீர்கள். அனுப்பியவருக்கும் இதைச் சொல்லுங்கள்.