பெயர் ஒரு நோட்டில், கிலோ இன்னொரு நோட்டிலா?

கம்பத்தில் சாயங்காலம் பத்துப் பதினைந்து பிள்ளைகளுக்கு ஜாவா என்ற கணினி மொழியில் புரோகிராம் எழுதச் சொல்லித்தருகிறேன். பாதிப் பேர் வீட்டில் அம்மாவோ அப்பாவோ விடியும் முன்னே ஜீப் ஏறி, கம்பம்மெட்டு வழியாக வண்டன்மேட்டுப் பக்கம் ஏலத்தோட்ட வேலைக்குப் போகிறவர்கள். அதனால் பயிற்சிக் கணக்கையும் அங்கிருந்தே கொடுப்பேன். ஆள் பெயர், பறித்த கிலோ, வாங்கிய முன்பணம்.

போன வாரம் ஒரு மாணவி இதை மூன்று தனித்தனி அரேயாக, அதாவது மூன்று தனித்தனிப் பட்டியலாக, எழுதியிருந்தாள். யார் அதிகம் பறித்தார்கள் என்று பார்க்க, கிலோ அரேயை மட்டும் வரிசைப்படுத்தினாள். கிலோக்கள் இடம் மாறின. பெயர்கள் இருந்த இடத்திலேயே நின்றன. ஜாவா ஒரு பிழையும் சொல்லவில்லை; கம்பைல் ஆனது, ஓடியது, பட்டியலும் வந்தது. "சார், அம்மா 18 கிலோ எடுத்தாங்க. இதுல 11னு வருது" என்றாள். அம்மா பெயரைப் போட்டிருந்ததால்தான் அவள் கண்ணில் பட்டது. ஏதோ கற்பனைப் பெயர்களாக இருந்திருந்தால் சரியான விடை என்றே நோட்டில் எழுதியிருப்பாள்.

நான்காவது பெயரும் நான்காவது கிலோவும் ஒரே ஆளுடையவை என்பது அவள் மனதில் மட்டும்தான் இருக்கிறது. புரோகிராமில் எங்கேயும் இல்லை. இதுதான் என் கவலை. இரண்டு விவரம் ஒரே ஆளைச் சேர்ந்தது என்று தெரிந்த உடனே கிளாஸ், அதாவது ஒரு ஆளுக்கு என்னென்ன விவரம் சேர்ந்திருக்கும் என்று சொல்லும் அச்சு, எழுத வைக்க வேண்டும். "முதலில் அரே முடியட்டும், கிளாஸ் பெரிய பாடம்" என்று தள்ளிப்போடுவதில் எனக்கு உடன்பாடு இல்லை. பிள்ளைகளுக்கு அது புதிய விஷயமே இல்லை. தோட்டத்துக் கணக்குப்பிள்ளை பெயர்களை ஒரு நோட்டிலும் கிலோக்களை இன்னொரு நோட்டிலுமா எழுதுகிறார்? மளிகைக் கடைப் பற்று நோட்டில்கூட ஆளுக்கு ஒரு பக்கம். கிளாஸை வைத்து ஆளுக்கு ஒன்றாக உருவாக்கும் ஆப்ஜெக்ட் அந்தப் பக்கம்தான்.

1957ல் வெளிவந்த ஃபோர்ட்ரான் என்ற கணினி மொழியில் இப்படிச் சேர்த்து வைக்க வழி இல்லை. இணையான அரேக்கள்தான் கதி. அப்போது அது நியாயம். ஆனால் அலுவலகக் கணக்குகளுக்காகவே அடுத்த சில ஆண்டுகளில் வந்த கோபோல் மொழியில், ஒரு ஆளின் விவரங்களை ஒன்றாக வைக்கும் ரெக்கார்ட் இருந்தது. ஜாவாவில் முதல் பதிப்பிலிருந்தே கிளாஸ் உண்டு. 2021ல் வந்த ஜாவா 16 முதல் ரெக்கார்ட் என்று ஒரே வரியில் எழுதி முடித்துவிடலாம்.

எதிர்த்துச் சொல்பவர்களிடமும் ஒரு நியாயம் இருக்கிறது. இருபது ஆளுக்கு ஆப்ஜெக்ட் அரே உருவாக்கினால் உள்ளே இருபது ஆட்கள் வந்து உட்கார மாட்டார்கள். இருபது 'நல்'தான், அதாவது இன்னும் யாரும் இல்லாத வெற்றிடம்தான் இருக்கும். ஒவ்வொருவரையும் நியூ என்ற சொல்லைப் போட்டு உருவாக்க மறந்தால், நல் பாயிண்டர் எக்ஸெப்ஷன் என்ற பிழை வந்து புரோகிராம் நின்றுவிடும். முதல் வாரத்தில் இதைப் பார்த்துப் பயந்து கிளாஸே வேண்டாம் என்ற பிள்ளைகள் உண்டு. ஆனாலும் எந்த வரியில் தவறு என்று காட்டி நிற்கும் புரோகிராம், ஒருவர் கூலியைச் சத்தமில்லாமல் இன்னொருவர் பெயரில் போடும் புரோகிராமைவிட எவ்வளவோ மேல்.

அப்புறம் வேகம். கோடிக்கணக்கான எண்களில் ஒரு பத்தியை மட்டும் கூட்ட வேண்டுமென்றால், நான்கு நான்கு பைட்டாக அடுத்தடுத்து இருக்கும் இன்ட் அரே (முழு எண்கள் மட்டும் உள்ள அரே) உண்மையிலேயே நல்லது. ஒரு ஜீப் ஆட்களின் கணக்குக்கு அது தேவையில்லை.

அந்தப் பெண்ணை அன்றே கிளாஸாக மாற்றி எழுதச் சொன்னேன். முக்கால் மணி நேரம் ஆனது, நடுவில் இரண்டு முறை 'நல்' வந்து நின்றது. கிலோவை வைத்து வரிசைப்படுத்தியபோது அவள் அம்மா பெயரும் 18ம் முன்பணமும் சேர்ந்தே மேலே போயின. நேற்று வந்து, லீவு நாளையும் சேர்க்கலாமா சார் என்று கேட்டாள். வரிசைப்படுத்தும் பகுதியில் கை வைக்காமல், கிளாஸில் ஒரு வரி கூடுதலாக எழுதிக்கொண்டிருக்கிறாள்.