கடைசி ரவுண்டில் பெயர் தெரியாத ரிசீவரை எடுங்கள்

இரண்டு வாரத்துக்கு முன்னால் தம்பி ஒருவன் போன் செய்தான். ஆபீஸ் ஃபேன்டஸி ஃபுட்பால் லீக்கில் இந்த வருஷம்தான் சேர்ந்திருக்கிறான். ஆளுக்கு ஒரு வீரராக முறைவைத்து எடுக்கும் டிராஃப்ட் நடந்துகொண்டிருக்கிறது, 14ஆவது ரவுண்டு.

"அண்ணா, நல்ல ஆளுங்க எல்லாம் போயாச்சு. இனிமே யாரை எடுத்தா என்ன? தெரிஞ்ச பேரா ஒண்ணு இருக்கு, போட்டுடட்டுமா?"

பெயரைச் சொன்னான். ஒரு காலத்தில் எல்லோரும் அடித்துப் பிடித்துக்கொண்டு எடுத்த ரிசீவர், அதாவது எறியும் பந்தை ஓடிப்போய்ப் பிடிப்பவர். இப்போது வயதாகிவிட்டது, அவர் அணியிலேயே நான்காவது ஆள். "அவரை விடுடா. நீ கேள்விப்படாத ரிசீவர் ஒருத்தன் இருப்பான், அவனைப் பாரு" என்றேன். "கேள்விப்படாதவனை எப்படிண்ணா எடுக்கிறது?" என்று கேட்பதற்குள் அவனுக்கு நேரம் முடியப்போகிறது என்று மணி அடித்தது, போனை வைத்துவிட்டான். அந்தக் கேள்விக்கான பதிலைத்தான் இங்கே எழுதுகிறேன்.

ஆடாதவர்களுக்கு இரண்டு வரி. அமெரிக்க ஃபுட்பால் லீக்கான என்எஃப்எல்லில் ஆடும் நிஜ வீரர்களை ஒவ்வொருவராக எடுத்து நாம் ஒரு கற்பனை அணி அமைக்கிறோம். ஞாயிற்றுக்கிழமை களத்தில் அவர்கள் செய்வது நமக்குப் புள்ளியாக வரும். ரிசீவர் பந்தோடு முன்னேறும் 10 யார்டுக்கு 1 புள்ளி, எல்லைக்கோட்டைத் தாண்டும் டச் டவுனுக்கு 6. எங்கள் லீக் மாதிரி பிபிஆர் முறையில் ஆடினால் ஒவ்வொரு கேட்சுக்கும் இன்னொரு புள்ளி. கிரிக்கெட் ஃபேன்டஸியில் ஒரே பேட்ஸ்மேனை ஆயிரம் பேர் எடுக்கலாம். இங்கே அப்படி இல்லை. ஒருவர் எடுத்துவிட்டால் அந்த லீக்கில் வேறு யாருக்கும் அந்த ஆள் கிடையாது. 12 பேர், 15 ரவுண்டு, மொத்தம் 180 வீரர்கள். மீதிப் பேர் எல்லாம் வேவர் பட்டியலில் கிடப்பார்கள், வாராவாரம் பட்ஜெட் டாலரில் அதிகம் கேட்பவருக்குப் போவார்கள்.

நான் இருப்பது டெட்ராய்ட் பக்கம், நோவையில். 2021இல் இங்கே ஊர் அணியான லயன்ஸின் மேட்ச் பார்ப்பதற்கே தனிப் பொறுமை வேண்டியிருந்தது. 11 மேட்ச் ஆடி ஒன்றில்கூட ஜெயிக்கவில்லை. பத்தில் தோல்வி, ஒன்று டை. ஊர்க்காரர்களே ஞாயிற்றுக்கிழமை மதியம் டிவியை அணைத்துவிட்டு இலை கூட்டப் போய்விடுவார்கள். நான் பார்த்துக்கொண்டிருந்தேன். அந்த அணியில் அமான்-ரா செயின்ட் பிரவுன் என்று ஒரு புதுப் பையன். நிஜ அணிகள் கல்லூரி வீரர்களை எடுக்கும் அந்த வருஷ என்எஃப்எல் டிராஃப்டில் நான்காவது ரவுண்டு, 112ஆவது ஆளாக எடுக்கப்பட்டவர். அவருக்கு முன்னால் 16 ரிசீவர்கள் போயிருந்தார்கள். அந்த 16 பேரையும் எந்தக் கல்லூரி, எந்த அணி என்று இன்றைக்கும் வரிசையாக ஒப்பிப்பார் என்பது பின்னாளில் எல்லோரும் அறிந்த கதை. அன்றைக்கு யாருக்கும் தெரியாது.

முதல் 11 மேட்ச்சில் அவர் எடுத்தது 39 கேட்ச், 352 யார்டு. டச் டவுன் ஒன்றுகூட இல்லை. எண்களை மட்டும் பார்ப்பவர் அவரைத் திரும்பிக்கூடப் பார்த்திருக்க மாட்டார். ஆனால் மேட்ச்சைப் பார்த்தவர்களுக்கு வேறு ஒன்று தெரிந்தது. நடுக்களத்தில் குறுக்கே ஓடிப் பந்தைப் பிடித்ததும் அடி வாங்குவார், உடனே எழுந்து அடுத்த ஆட்டத்துக்குத் தயாராக நிற்பார். பந்து வராத ஆட்டங்களில்கூட தன்னைவிடப் பெரிய ஆளை முட்டித் தடுப்பார். இப்படிப்பட்டவனைக் கோச் களத்திலிருந்து எடுக்கமாட்டார் என்பது எனக்கு அப்போதே பட்டது.

நவம்பரில் தலைமைக் கோச் டான் கேம்பெல் ஆட்டம் வகுக்கும் பொறுப்பைத் தானே எடுத்துக்கொண்டார். அதுவரை டைட் எண்ட்களுக்கு (எதிரணியைத் தடுக்கவும் பந்தைப் பிடிக்கவும் செய்பவர்கள்) பயிற்சி தந்துகொண்டிருந்த பென் ஜான்சனுக்கு, பந்தை எறிந்து ஆடும் பாஸ் ஆட்டத்தில் கூடுதல் பொறுப்பு கிடைத்தது. தேங்க்ஸ்கிவிங் மேட்ச்சில், பந்தோடு ஓடும் ரன்னிங் பேக் டி'ஆண்ட்ரே ஸ்விஃப்டுக்குத் தோளில் அடி. பிறகு டிசம்பர் 5, மினசோட்டாவுடன் மேட்ச்.

அந்த மேட்ச்சின் கடைசி ஆட்டம் இன்னும் கண்ணுக்குள் இருக்கிறது. லயன்ஸ் 4 புள்ளி பின்தங்கியிருக்கிறது, நேரம் முடியப்போகிறது, எல்லைக்கோட்டுக்கு இன்னும் 11 யார்டு. எதிரணிக் காவலர் எல்லைக்கோட்டுக்கு உள்ளே வெகு ஆழமாகப் போய் நிற்கிறார். செயின்ட் பிரவுன் நேராக ஓடி, கோட்டைத் தாண்டியதும் சட்டென்று திரும்புகிறார். பந்தை எறியும் குவார்ட்டர்பேக் ஜாரெட் காஃப் எறிந்த பந்து நெஞ்சுக்கு நேரே வருகிறது. கடிகாரம் பூஜ்யம். 29-27. அந்த வருஷத்தின் முதல் வெற்றி, அவர் வாழ்க்கையின் முதல் என்எஃப்எல் டச் டவுன். வீட்டில் நான் போட்ட சத்தத்தில் மாடியிலிருந்து மகள் இறங்கி ஓடிவந்தாள்.

அந்த மேட்ச்சில் மட்டும் 10 கேட்ச். செவ்வாய்க்கிழமை இரவு வேவரில் அவர் பெயரைப் போட்டேன். அவருக்கு இடம் வேண்டும் என்றால் யாரையாவது வெளியே விட வேண்டும். நான் விட்டது மூன்றாவது ரவுண்டில் எடுத்த ஒரு பெரிய பெயரை. விரல் கொஞ்ச நேரம் அந்தப் பொத்தானுக்கு மேலேயே நின்றது. எங்கள் லீக்கில் வேறு யாரும் செயின்ட் பிரவுனுக்கு ஒரு டாலர்கூடக் கேட்டிருக்கவில்லை. ஜெயிக்காத அணி, அதில் போய் யார் ஆள் தேடுவார்கள்!

அதே மேட்ச்சோடு லயன்ஸ் டைட் எண்ட் டி.ஜே. ஹாக்கன்சன் கட்டைவிரல் காயத்தால் அந்த சீசனிலேயே மீண்டும் ஆடவில்லை. அவருக்குப் போகவேண்டிய பந்தும் இவருக்கே வந்தது. கடைசி ஆறு மேட்ச்சில் 51 கேட்ச், 560 யார்டு, 5 டச் டவுன். ஆறிலும் 8 கேட்ச்சுக்குக் குறையவே இல்லை. ஃபேன்டஸி பிளே ஆஃப் நடக்கும் 15ஆவது வாரம், அரிசோனாவுக்கு எதிராக 23 புள்ளி. அடுத்த வாரம் அட்லாண்டாவில் காஃப்கூட இல்லை, மாற்று குவார்ட்டர்பேக் டிம் பாயில்தான் எறிந்தார், அப்படியும் 24.1. இறுதி வாரம் சியாட்டிலில் 111 யார்டு. அந்த வருஷம் லீக்கை நான் ஜெயித்தேன்.

இதில் நான் பெருமைக்காகச் சொல்வது எதுவும் இல்லை. சொல்லவருவது, அவர் ஒளிந்திருக்கவில்லை என்பதுதான். ஒவ்வொரு ஞாயிறும் எல்லோர் கண் முன்னாலும் ஆடிக்கொண்டிருந்தார். தோற்கிற அணியில் ஆடினார் என்பதற்காகவே யாரும் பார்க்கவில்லை. ஆனால் தோற்கிற அணிதான் பந்தை அதிகம் எறியும்! பின்தங்கியிருக்கும்போது ஓடி ஓடி நேரத்தைக் கழிக்க முடியாதே. எறிகிற பந்து யாரிடமாவது போய்த்தானே ஆகவேண்டும்?

இந்த விளையாட்டு 1962இல் தொடங்கியபோது, ஓக்லண்ட் ரெய்டர்ஸில் பங்கு வைத்திருந்த பில் விங்கன்பாக்கும் நண்பர்களும் நியூயார்க் ஓட்டல் ஒன்றில் உட்கார்ந்து விதி எழுதினார்கள். அன்றைக்குக் கணக்கு எல்லாம் ஸ்கோர் போடுபவனுக்குத்தான், கேட்ச்சுக்கும் யார்டுக்கும் மதிப்பில்லை. பிபிஆர் வந்த பிறகு, ஒரு மேட்ச்சில் 8 சின்னப் பந்தைப் பிடித்து 60 யார்டு ஓடுகிற பையனே 14 புள்ளி தருகிறான். ஆனால் நம் கண் இன்னும் டச் டவுனைத்தான் தேடுகிறது. அதனால்தான் இப்படிப்பட்ட பையன்கள் பட்டியலில் அப்படியே கிடக்கிறார்கள்.

சரி, எதைப் பார்த்து எடுப்பது? நான் முதலில் பார்ப்பது டார்கெட். எத்தனை பந்து பிடித்தான் என்பதைவிட எத்தனை பந்து அவனை நோக்கி எறியப்பட்டது என்பதுதான் பெரிய விஷயம். பந்து கையில் தட்டிப் போகலாம், காற்று தள்ளலாம், எறிந்தவர் தவறலாம். ஆனால் குவார்ட்டர்பேக் ஒரு மேட்ச்சில் ஒன்பது முறை அவன் பக்கம் திரும்பினார் என்றால், பயிற்சியில் நாம் பார்க்காத ஏதோ ஒன்றை அவர் பார்த்திருக்கிறார்.

டார்கெட் மட்டும் போதாது என்பதையும் சொல்லிவிட வேண்டும். 2012 சீசனின் முதல் மேட்ச், டல்லஸ் அணியின் கெவின் ஓகிள்ட்ரீ 8 கேட்ச், 114 யார்டு, 2 டச் டவுன். அடுத்த நாள் எல்லா லீக்கிலும் அவருக்காக அடிதடி. சீசன் முடிவில் மொத்தமே 32 கேட்ச், 436 யார்டு. காரணம் சாதாரணமானது. அந்த அணியில் டெஸ் பிரையன்ட், மைல்ஸ் ஆஸ்டின், ஜேசன் விட்டன் என்று மூன்று பேர் அவருக்கு முன்னால் வரிசையில் நின்றார்கள். விட்டன் அந்த வாரம் மண்ணீரல் காயத்திலிருந்து அப்போதுதான் எழுந்து வந்திருந்தார். அவர் தேறியதும் ஓகிள்ட்ரீக்கு வந்த பந்து நின்றுபோனது. அதனால் இப்போது ஒரு பையனைப் பார்த்தால், அவனுக்கு முன்னால் யார் நிற்கிறார்கள், அவர்கள் எப்போது திரும்பி வருவார்கள் என்பதையும் சேர்த்தே பார்ப்பேன்.

இவ்வளவு தெரிந்தும் 2023இல் நான் தவறவிட்டேன். புகா நகூவா. பிஒய்யு கல்லூரி, ஐந்தாவது ரவுண்டு, 177ஆவது ஆள். அவரை எடுத்த ராம்ஸ் அணியின் முதல் ரிசீவர் கூப்பர் கப் தொடைத் தசைக் காயத்தால் குறைந்தது நான்கு மேட்ச் ஆடமாட்டார் என்ற செய்தி முதல் ஞாயிறுக்கு முந்தின நாள் வந்தது. இடம் காலி. எறியப்போவது மேத்யூ ஸ்டாஃபோர்ட், இதே டெட்ராய்ட்டில் 12 வருஷம் நான் பார்த்த கை. நகூவா எங்கள் லீக்கில் இலவசமாகக் கிடந்தார். என் பெஞ்ச்சில் இரண்டாவதாக ஒரு டிஃபென்ஸ் (ஒரு அணியின் தடுப்பாட்டக்காரர்கள் மொத்தமும் ஒரே ஆளாக) சும்மா உட்கார்ந்திருந்தது. அதை விட்டுவிட்டு இவரை எடுக்க ஒரு நிமிஷம் போதும். "ஒரு வாரம் பார்த்துக்கொள்ளலாம்" என்று விட்டேன்.

மறுநாள் சியாட்டிலுக்கு எதிராக 15 டார்கெட், 10 கேட்ச், 119 யார்டு. செவ்வாய்க்கிழமை வேவரில் என் 100 டாலர் பட்ஜெட்டில் 18 போட்டேன். 31 போட்டவர் தூக்கிக்கொண்டு போனார். அடுத்த வாரம் 15 கேட்ச். அதுவரை ஒரே மேட்ச்சில் ஒரு அறிமுக வீரர் அத்தனை பிடித்ததே இல்லை. கப் திரும்பிவந்ததும் நகூவா காணாமல் போவார் என்று பலரும் அவசர அவசரமாக வேறு ஆளுக்கு மாற்றிக்கொண்டார்கள். கப் திரும்பிய மேட்ச்சில் கப்புக்கு 118 யார்டு, நகூவாவுக்கு 71 யார்டும் ஒரு டச் டவுனும். ஓகிள்ட்ரீ மாதிரி பந்து நிற்கவில்லை. அந்த நான்கு வாரத்தில் ஸ்டாஃபோர்டின் நம்பிக்கையை அவர் சம்பாதித்துவிட்டிருந்தார். சீசன் முடிவில் 105 கேட்ச், 1,486 யார்டு. அறிமுக வீரர்களில் இரண்டுமே அன்றைக்குச் சாதனை. யார்டு சாதனை 1960இல் பில் குரோமன் வைத்தது, 63 வருஷம் யாரும் தொடாதது.

18 டாலர் போட்டது என் தவறு என்று நான் நினைக்கவில்லை. சனிக்கிழமை எடுக்காததுதான் தவறு. சனிக்கிழமை தவறாகப் போயிருந்தால் எனக்கு நஷ்டம் ஒரு டிஃபென்ஸ், அதுவும் வேவரில் எப்போது வேண்டுமானாலும் கிடைக்கிற சாமான். செவ்வாய்க்கிழமை எல்லோருக்கும் தெரிந்த பிறகு அதே ஆளுக்குப் பட்ஜெட்டில் மூன்றில் ஒரு பங்கு போகிறது. ஒரு வாரம் முன்னால் எடுத்துத் தோற்பது மலிவு.

எடுத்தவர்கள் செய்யும் இன்னொரு தப்பு, இரண்டே வாரத்தில் தூக்கி எறிவது. ரிசீவர் வேலை லேசில் வருவதில்லை. எத்தனை அடி ஓடித் திரும்ப வேண்டும், காவலர் எங்கே நின்றால் பாதையை எப்படி மாற்ற வேண்டும் என்பது குவார்ட்டர்பேக்குக்கும் அவனுக்கும் ஒரே நேரத்தில் தோன்ற வேண்டும். அது பழகப் பழகத்தான் வரும். ஹூஸ்டனின் நிக்கோ காலின்ஸ் முதல் வருஷம் 446 யார்டு, இரண்டாம் வருஷம் 481. மூன்றாம் வருஷம் சி.ஜே. ஸ்ட்ராவுட் குவார்ட்டர்பேக்காக வந்தார். 80 கேட்ச், 1,297 யார்டு. ஆள் அதேதான். எறிகிற கை மாறியது. அதனால் குவார்ட்டர்பேக் மாறுகிற அணிகளை ஆகஸ்ட் மாதத்தில் நான் தனியாகக் குறித்துவைப்பேன்.

எனக்கு ஒரு கணக்கு உண்டு. களத்தில் நிற்கிற நேரமும் டார்கெட்டும் குறையாதவரை நான்கு வாரம் வைத்திருப்பேன், புள்ளி எவ்வளவு குறைவாக வந்தாலும் சரி. இரண்டும் குறைந்தால் மறுவாரமே விட்டுவிடுவேன். இப்படி எடுத்ததில் பாதிக்கு மேல் ஒன்றுக்கும் ஆகவில்லை. அவர்கள் பெயர்கூட இப்போது எனக்கு நினைவில்லை. செயின்ட் பிரவுன் 2023இல் 119 கேட்ச், 1,515 யார்டு எடுத்து, 30 வருஷத்துக்குப் பிறகு லயன்ஸ் டிவிஷனை ஜெயித்தபோது, அந்த வேவர் இரவு மட்டும் நினைவுக்கு வந்தது.

தம்பி அன்றைக்கு 14ஆவது ரவுண்டில் அந்தப் பழைய பெயரைத்தான் எடுத்தான். 15ஆவதில் மட்டும் என் பேச்சைக் கேட்டு ஒரு இரண்டாம் வருஷப் பையனை எடுத்திருக்கிறான். இன்று காலை ஆபீஸ் போகிற வழியில் மறுபடியும் போன்.

"அண்ணா, நேத்து நீங்க சொன்ன பையனுக்கு மூணு புள்ளிதான் வந்துச்சு. விட்டுடவா?"

"எத்தனை டார்கெட்?"

கொஞ்ச நேரம் சத்தமில்லை, தேடிக்கொண்டிருந்தான். "எட்டு."

"வச்சிரு."