மாட்டிக் கொடுத்துவிட்டு வந்துவிட்டால் போதுமா?

போன மே மாதம் ஒரு ராத்திரி இரண்டு மணிக்குப் போன் வந்தது. திருப்பாலைப் பக்கம் இருக்கும் ஓய்வுபெற்ற வாத்தியார் ஒருவர். வெளியே இடியும் காற்றுமாக இருந்தது. "தம்பி, கரண்ட் போய்ப் போய் வருது. வர்றப்பெல்லாம் வீடு பூரா லைட்டு எரியுது, கீசரும் ஓட ஆரம்பிச்சிருது. டீச்சர் பயந்து போய் உட்கார்ந்திருக்காங்க" என்றார். அவர் மனைவியும் ஆசிரியராக இருந்தவர்.

அந்த வீட்டுச் சுவிட்ச் போர்டுகளுக்குப் பின்னால், லைட்டையும் கீசரையும் போனிலிருந்தே போட்டு அணைக்க உதவும் ஸ்மார்ட் மாட்யூல் என்ற குட்டிச் சாதனத்தை மாட்டியது நான்தான். வாங்கியது நான் இல்லை. சிங்கப்பூரில் இருக்கும் மகன் ஆன்லைனில் ஆர்டர் போட்டு வீட்டுக்கு அனுப்பினார். போர்டுக்கு இவ்வளவு என்று கூலி வாங்கிக்கொண்டு மாட்டிக் கொடுத்தேன். ஆப் முழுக்க மகனின் போனில். கரண்ட் போய்த் திரும்பினால் சுவிட்ச் எந்த நிலையில் இருக்க வேண்டும் என்று அந்த ஆப்பில் ஒரு செட்டிங் உண்டு. அது 'ஆன்' என்று இருந்திருக்கிறது. மாற்ற வேண்டுமென்றால் சிங்கப்பூரில் அதிகாலை நாலரை மணிக்கு அவரை எழுப்ப வேண்டும். போன் எடுக்கவில்லை. நான் தூக்கக் கலக்கத்தில் "மெயினை இறக்கி வச்சிருங்க சார், காலைல வர்றேன்" என்று சொல்லிவிட்டேன். கீசருக்கும் லைட்டுக்கும் உரிய எம்சிபிக்களை, அதாவது தனித்தனி பிரேக்கர் சுவிட்சுகளை மட்டும் இறக்கச் சொல்லியிருக்கலாம். மே மாத மதுரையில் எழுபது வயதைத் தாண்டிய இரண்டு பேர் ராத்திரி முழுக்க பேன் இல்லாமல் கிடந்தார்கள். இன்றைக்கும் அது எனக்கு உறுத்துகிறது.

எங்கள் எலக்ட்ரிகல் கான்ட்ராக்டர் நண்பர்களிடம் இந்தப் பேச்சு அடிக்கடி வருகிறது. ஸ்மார்ட் சாமான்களை நாம் விற்கலாமா, விற்றால் சர்வீசும் பார்க்க வேண்டுமா? பெரும்பாலானவர்கள் சொல்வது, "வேண்டாம்ணே, பார்ட்டி வாங்கிட்டு வந்தா மாட்டி விட்டுட்டுப் போயிருவோம், நமக்கு எதுக்கு வம்பு." அந்த மே மாதம் வரை நானும் அப்படித்தான் இருந்தேன். இப்போது உறுதியாகச் சொல்கிறேன். நாம்தான் விற்க வேண்டும், நாம்தான் சர்வீஸ் பார்க்க வேண்டும், அதற்குத் தனியாகக் காசும் வாங்க வேண்டும். இந்த மூன்றில் ஒன்றை விட்டாலும் மற்ற இரண்டும் நிற்காது.

நாம் ஒதுங்கினால் அந்த வேலை நடக்காமல் இருக்கப்போவதில்லை. வேறு யாராவது செய்வார்கள். போன வருஷம் ஒரு வீட்டில் "ஆர்சிசிபி அடிக்கடி விழுந்துச்சு, அதனால அதைக் கழட்டிட்டாங்க" என்றார்கள். கரண்ட் கசிந்தால் உடனே லைனைத் துண்டித்து உயிரைக் காக்கும் சாதனம் அது. எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. போர்டைத் திறந்து பார்த்தால், கேமரா, நெட் வேலை செய்யும் தம்பிகள் யாரோ ஒன்பது மாட்யூல் போட்டிருக்கிறார்கள். மாடிப்படி, கட்டில் ஓரம் மாதிரி இடங்களில், சாக்கெட் இல்லாத சின்னப் பெட்டிக்குள் நியூட்ரல் வயர், அதாவது கரண்ட் திரும்பிப் போகும் வயர், வந்திருக்காது. பழைய வீடுகளில் பெரும்பாலும் இதுதான் நிலை. பெரும்பாலான மாட்யூல் உயிரோடு இருக்க நியூட்ரல் வேண்டும். அந்தப் பெட்டியில் பச்சை எர்த் வயர் கிடந்திருக்கிறது. எர்த்தை நியூட்ரலாகக் கொடுத்துவிட்டார்கள். ஒரு மாட்யூல் இழுப்பது சில மில்லி ஆம்பியர்தான். ஒன்பதும் சேர்ந்து எர்த் வழியாகத் திரும்பினால், 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி விழாமல் என்ன செய்யும்? அது தன் வேலையைச் சரியாகச் செய்தது. அதைத்தான் கழற்றி எறிந்திருக்கிறார்கள். அந்த எர்த் வயர் எங்கேயாவது ஒரு இடத்தில் விட்டுப்போனால், மாட்யூல் வழியாகப் பேஸ் திரும்பி வந்து பிரிட்ஜ் உடம்பிலும் வாஷிங் மெஷின் உடம்பிலும் நிற்கும். ஈரக் கையோடு ஒரு குழந்தை பிரிட்ஜைத் தொட்டால் என்ன ஆகும் என்று எழுதக்கூட எனக்கு மனசு வரவில்லை.

அந்தத் தம்பிகளைத் திட்டுவதற்காக இதைச் சொல்லவில்லை. ரூட்டர் அவர்களுக்கு அத்துப்படி. லோடு, எர்த், லீக்கேஜ் எல்லாம் அவர்கள் படித்த பாடம் இல்லை. சுவிட்ச், பேன் மாற்றுவதற்கு விதிமுறையில் விலக்கு உண்டு. ஆனால் வயரிங்கையே மாற்றுகிற வேலையை உரிமம் உள்ள கான்ட்ராக்டர்தான் செய்ய வேண்டும் என்கிறது மத்திய மின்சார ஆணையத்தின் பாதுகாப்பு ஒழுங்குமுறை. அந்த உரிமத்தை வைத்துக்கொண்டு நாம் "நமக்கு எதுக்கு வம்பு" என்று சொல்வது சரியா?

மோட்டாரிலும் இதே கதைதான். தொட்டி மோட்டாரைப் போனில் ஓட்ட எல்லாருக்கும் ஆசை. ஒன்றரை எச்பி மோட்டார் ஸ்டார்ட் ஆகும் நொடியில் ஓடும்போது இழுப்பதைவிடப் பல மடங்கு இழுக்கும். அதை நேராக மாட்யூலுக்குள் இருக்கும் குட்டி ரிலே சுவிட்ச் மேல் ஏற்றினால், கொஞ்ச நாளில் கான்டாக்ட் ஒட்டிக்கொள்ளும். ஆப்பில் 'ஆஃப்' என்று காட்டும், மோட்டார் ஓடிக்கொண்டே இருக்கும். நடுவில் ஒரு கான்டாக்டர் (பெரிய கரண்டைத் தாங்கும் காந்த சுவிட்ச்) போட்டு, மாட்யூலை அதன் காயிலுக்கு மட்டும் கொடுக்க வேண்டும். நம்மிடம் வேலை பார்க்கும் எந்த வயர்மேனுக்கும் இது தெரியும். ஆன்லைனில் வாங்குகிறவருக்கு யார் சொல்வது?

புது வீடு என்றால் இன்னும் சுலபம். கான்கிரீட் போடும் முன்பு பைப் பதிக்கும்போதே அங்கே நிற்பது நாம்தான். எல்லாப் பெட்டிக்கும் ஒரு நியூட்ரல் சேர்த்து இழுப்பது, பெட்டியைக் கொஞ்சம் ஆழமாக வைப்பது, மாடிக்கு ஒரு லேன் கேபிள் பைப் விடுவது, ரூட்டர் பாயிண்டை இன்வெர்ட்டர் லைனில் கொடுப்பது, எம்சிபிக்கள் இருக்கும் டிபி பெட்டியில், திடீரென்று எகிறும் வோல்டேஜைத் தடுக்கும் ஒரு சர்ஜ் சாதனம் வைப்பது. அந்த நேரத்தில் இதற்கெல்லாம் ஆகும் செலவு சொற்பம். பூசி, பெயிண்ட் அடித்த பிறகு என்றால் சுவரைக் காடி எடுக்க வேண்டும். சாமானையும் விற்கிறவருக்குத்தான் இதெல்லாம் முதலிலேயே நினைவுக்கு வரும்.

சரி, நண்பர்கள் பயப்படுவதில் நியாயமே இல்லையா? நிறைய இருக்கிறது. சாதாரண சுவிட்ச் விற்றால் பத்து, பதினைந்து வருஷம் அதைப் பற்றி யாரும் பேசமாட்டார்கள். ஸ்மார்ட் சுவிட்ச் அப்படியில்லை. நெட் கம்பெனி ரூட்டரை மாற்றி, வைஃபை பெயரும் பாஸ்வேர்டும் மாறினால் வீடு முழுக்க ஒரே நேரத்தில் ஊமையாகும். புது ரூட்டரில் 2.4 கிகாஹெர்ட்ஸ் வைஃபை அலைவரிசையை அணைத்து வைத்திருந்தாலும் அதே கதி, ஏனென்றால் இந்தச் சாமான்களில் பெரும்பாலானவை அதில்தான் பேசும். போன் நமக்குத்தான் வரும். இந்த வேலைக்குக் கூலி கேட்டால், "ஒரு வயரைக் கூட தொடலையே, எதுக்குக் காசு?" என்பார்கள்.

இதனால்தான் காசை முதலிலேயே பேச வேண்டும் என்கிறேன். ஆர்ஓ வாட்டர் பில்டருக்கு வருஷ ஒப்பந்தம் போடுகிறார்கள். ஏசிக்குப் போடுகிறார்கள். யாரும் முகம் சுளிப்பதில்லை. கொட்டேஷனிலேயே ஒரு வரி எழுதினால் போதும். முதல் வருஷம் சேர்த்து, அடுத்த வருஷத்திலிருந்து இவ்வளவு, அதில் ரூட்டர் மாற்றினால் திரும்ப இணைப்பது உண்டு, இடி விழுந்து கருகினால் சாமான் விலை தனி. நான் ஆறு மாதமாக இப்படித்தான் கொடுக்கிறேன். இரண்டு பேர் வேண்டாம் என்று போய்விட்டார்கள். போகட்டும். ராத்திரி இரண்டு மணிக்கு என்னால் பதில் சொல்ல முடியாத வேலையை நான் எடுக்கப்போவதில்லை.

எதை விற்பது என்பதிலும் பிடிவாதமாக இருக்கிறேன். நெட் இல்லாவிட்டாலும் சுவரில் இருக்கும் சுவிட்ச் வழக்கம்போல வேலை செய்ய வேண்டும், அதில்லாத எதையும் நான் தொடுவதில்லை. அமெரிக்காவில் ஸ்மார்ட் சாமான்களை இணைக்கும் ரிவால்வ் என்ற ஹப்பை 2016-ல் நிறுத்தினார்கள், அதை வாங்கியவர்கள் கையில் வெறும் டப்பா மிஞ்சியது. 2022 ஏப்ரலில் இன்ஸ்டியான் என்ற ஸ்மார்ட் சாமான் கம்பெனி முன்னறிவிப்பே இல்லாமல் சர்வரை அணைத்தது. அதன் வாடிக்கையாளர்கள் சிலரே சேர்ந்து கம்பெனியை வாங்கி மறுபடி ஓடவிட வேண்டியிருந்தது. வீட்டு வயரிங் முப்பது வருஷம் நிற்கும். கம்பெனி நிற்குமா என்று யாரும் எழுதித் தர முடியாது. அதனால் வீட்டுக்குள்ளேயே பேசிக்கொள்ளும் சாமான்கள், வெவ்வேறு கம்பெனி சாமான்கள் ஒன்றோடொன்று பேச 2022-ல் வந்த மேட்டர் தரத்தை ஏற்பவை, இவற்றைத்தான் முதலில் பார்க்கிறேன்.

இன்னொரு விஷயத்தை மறைக்காமல் சொல்ல வேண்டும். நம் ஆட்களிலேயே சிலர் பார்ட்டி வீட்டு ஆப்பைத் தங்கள் போன் நம்பரில் திறந்து வைத்துக்கொள்கிறார்கள். சர்வீசுக்கு வசதி என்கிறார்கள். ஒரு குடும்பம் எப்போது தூங்குகிறது, எப்போது வீட்டைப் பூட்டிக்கொண்டு போகிறது என்பது நம் போனில் தெரிவது எந்த வகையில் நியாயம்? கேமரா இருந்தால் கேட்கவே வேண்டாம். கணக்கு வீட்டுக்காரர் பெயரில், பாஸ்வேர்டு அவர் கையில். கேமராவில் கம்பெனி வைத்து அனுப்பும் பாஸ்வேர்டை அன்றைக்கே மாற்ற வேண்டும். அப்படி மாற்றாமல் விட்ட கேமராக்களையும் அவற்றின் படத்தைப் பதிவு செய்யும் டிவிஆர் பெட்டிகளையும் பிடித்துத்தான் 2016-ல் மிராய் என்ற வைரஸ் பெரிய பெரிய இணையதளங்களையே முடக்கியது.

படிக்க நேரம் வேண்டும், அது உண்மைதான். எனக்கு நாற்பத்தேழு வயது. ரூட்டர் செட்டிங்கை என்னிடம் வேலை பார்க்கும் ஐடிஐ முடித்த பையனிடம்தான் கற்றுக்கொண்டேன், ஒரு மாதம் ஆனது. குறைந்த கரண்டில் ஓடும் பிஎல்டிசி பேன் வந்த புதிதிலும் இப்படித்தான் ஒதுங்கப் பார்த்தோம். இன்றைக்குப் பழைய ரெகுலேட்டரைக் கழற்றிவிட்டு அதை மாட்டாத வயர்மேன் இருக்கிறாரா?

வாத்தியார் வீட்டு வேலையை முடித்துவிட்டேன். கணக்கை அவர் போனுக்கு மாற்றி, கரண்ட் வந்தால் எல்லாம் 'ஆஃப்' நிலையில் நிற்கும்படி வைத்து, கீசரிலிருந்து மாட்யூலையே எடுத்துவிட்டேன். எந்த எம்சிபி எதற்கு என்று டிபி கதவுக்கு உள்பக்கம் தமிழில் எழுதி ஒட்டியிருக்கிறேன். டீச்சர் அதைப் படித்துப் பார்த்து, "எழுத்து இன்னும் கொஞ்சம் பெருசா இருக்கணும் தம்பி" என்றார். மறுநாள் பெரிதாக எழுதிக் கொண்டுபோய் ஒட்டினேன்.

வருஷ ஒப்பந்தம் போட்டு இந்த வேலை செய்கிற கான்ட்ராக்டர்கள் யாராவது இதைப் படித்தால், என்ன தொகை வாங்குகிறீர்கள், எதையெல்லாம் அதில் சேர்க்கிறீர்கள் என்று எழுதுங்கள்.