"கஷ்டமான கேஸ்" என்று யாரைச் சொல்கிறோம்?

இந்த வேலைக்குப் புதிதாக வந்த தங்கச்சி ஒருத்தி போன கிழமை என்னிடம் கேட்டாள்: "அக்கா, போர்டர்லைன் கேஸ் வந்தா எப்பிடிச் சமாளிக்கிறது? எல்லாரும் பயம் காட்டுறாங்க."

பயம் காட்டுகிறவர்களில் ஒரு காலத்தில் நானும் இருந்தேன். திருகோணமலையில் பல வருடமாக உளவளத்துணை செய்கிறேன். போர்டர்லைன் என்றால் எல்லைநிலை ஆளுமைக் கோளாறு: உணர்ச்சி சட்டென்று கொதிக்கும், விட்டுவிட்டுப் போய்விடுவார்களோ என்ற பயம் விடாது, உறவுகள் நிலைக்காது. அது உள்ளவர்களைப் பற்றி நாங்கள் எங்களுக்குள் பேசிக்கொள்ளும் பேச்சு நல்ல பேச்சில்லை. "நடிப்பு", "வேணுமெண்டே செய்யிறாள்", "ஆளை உறிஞ்சி எடுத்துடுவாள்." வீட்டிலும் இதையேதான் சொல்லியிருப்பார்கள். அதே சொல்லை எங்கள் அறைக்குள்ளும் கேட்பதற்கா அந்தப் பிள்ளை வருகிறது?

ஒருத்தியைப் பற்றிச் சொல்கிறேன். அடையாளம் தெரியாதபடி விபரங்களை மாற்றியிருக்கிறேன். மூதூர்ப் பக்கத்திலிருந்து பஸ்ஸில் வருவாள். முதல் மாதம் நான்தான் அவளுக்குத் தெய்வம். "உங்களை மாதிரி ஒருத்தரும் என்னை விளங்கிக்கொள்ளேல்ல மிஸ்." இரண்டாம் மாதம் ஒரு நாள் நான் சுவர் மணிக்கூட்டைப் பார்த்துவிட்டேன். அவ்வளவுதான். முகம் இறுகிப் போனது. அடுத்த இரண்டு கிழமை வரவில்லை. மூன்றாம் கிழமை முக்கால் மணி நேரம் பிந்தி வந்து, பேசாமல் இருந்தாள். மார்கழி மழை, தகரத்தில் விழுகிற சத்தம் மட்டும்தான். நேரம் முடிந்து எழும்பி, கதவுப் பிடியில் கையை வைத்துக்கொண்டுதான் சொன்னாள்: "நீங்களும் என்னை விட்டுட்டுப் போகத்தான் போறீங்க."

அன்று நான் செய்தது பிழை. பரிதாபத்தில், "எந்த நேரமும் கோல் எடு" என்று சொல்லிவிட்டேன். இரவு பதினொரு மணி, ஒரு மணி, விடியற்காலை நான்கு மணி என்று எடுத்தாள். மூன்று கிழமையில் களைத்துப்போய், ஒரு சொல்லும் சொல்லாமல் போனை எடுக்காமல் விட்டேன். அவள் எதற்குப் பயந்தாளோ அதை நானே செய்து காட்டினேன். அப்புறம் ஃபைலில் என்ன எழுதினேன் தெரியுமா? "ஒத்துழைப்பு இல்லை." அந்த இரண்டு சொல்லுக்காக இன்றும் வருந்துகிறேன்.

இந்தக் கோளாறுக்கான, உணர்ச்சிக் கொதிப்பைச் சமாளிக்கப் பழக்குகிற இயங்கியல் நடத்தைச் சிகிச்சையை (DBT) உருவாக்கியவர் அமெரிக்க உளவியலாளர் மார்ஷா லினஹன். 1993இல் அவருடைய கையேடு வந்தது. தானே பதினேழு வயதில் மனநல வைத்தியசாலையில் அடைபட்டுக் கிடந்தவர் என்பதை 2011இல்தான் அவர் பகிரங்கமாகச் சொன்னார். சிகிச்சையில் எதை முதலில் பார்ப்பது என்று அவர் ஓர் ஒழுங்கு வைத்தார். உயிருக்கு ஆபத்தானது முதலாவது. சிகிச்சையைக் குழப்புகிற நடத்தை இரண்டாவது: வராமல் விடுவது, பிந்துவது, கத்துவது, வாயே திறக்காமல் இருப்பது. வாழ்க்கையின் மற்றச் சிக்கல்களெல்லாம் அதற்குப் பிறகு. அதாவது, பிந்தி வருவதைப் பொறுத்துக்கொண்டு "உண்மையான பிரச்சினைக்கு" காத்திருக்கத் தேவையில்லை. பிந்தி வருவதையே எடுத்துப் பேச வேண்டும். அவள் வெளியே எல்லா உறவிலும் செய்கிறதைத்தான் எங்கள் கதிரைக்கு முன்னாலும் செய்கிறாள். அதைக் கையோடு பிடித்துப் பேச இதைவிட நல்ல இடம் எது?

என்னை உலுக்கியது இன்னொன்று. சிகிச்சையைக் குழப்புகிற நடத்தை என்ற அந்தக் கணக்கில் லினஹன் சிகிச்சையாளரையும் சேர்த்தே வைக்கிறார். காப்பாற்ற முடியாத வாக்குறுதி கொடுப்பது, பிறகு எரிச்சலில் ஒதுங்குவது. என் கதை அப்படியே அதற்குள் இருந்தது.

போன் விஷயத்திலும் அவரிடம் ஒரு விதி உண்டு. ஒருத்தி தன்னைத்தானே காயப்படுத்திய பிறகு 24 மணி நேரத்துக்கு, உயிராபத்து இருந்தாலொழிய, ஆறுதல் கோல் கிடையாது. அதற்கு முன்னால், மனம் கொதிக்கத் தொடங்கும்போது எடுக்க வேண்டும். கேட்க ஈவிரக்கமில்லாத மாதிரி இருக்கும். ஆனால் காயப்பட்டால்தான் அன்பு வரும் என்று அந்தப் பிள்ளை ஏற்கெனவே பழகியிருக்கிறாள். அதை நாங்களும் உறுதிப்படுத்தக் கூடாது. எல்லையை முதல் நாளே சொல்லுங்கள். "இரவு ஒன்பது மணி வரைக்கும் எடுக்கலாம். அதுக்குப் பிறகு அவசரமெண்டா 1926" என்று. அந்த இலக்கம் தேசிய மனநல நிறுவனத்தின் உதவி இலக்கம். வீட்டுக்காரரும் குறித்து வைத்துக்கொள்ளுங்கள். சாகப் போகிறேன் என்று யாராவது சொன்னால், நடிப்பா உண்மையா என்று ஆராய்ந்துகொண்டிருக்க வேண்டாம்.

லினஹனின் முறைப்படி கிழமைக்கொரு தனிச் சந்திப்பு, திறன் பழகும் குழு, சிகிச்சையாளர்கள் கூடிப் பேசும் குழு என்று எல்லாம் வேண்டும். போர், சுனாமி என்று இவ்வளவையும் கண்ட ஊரில் இருக்கிறோம். அப்படியிருந்தும் நான் வேலை செய்த இடங்களில் அந்த வசதி முழுதாக ஒருநாளும் இருந்ததில்லை. சரி, ஆனால் எங்களில் இரண்டு பேர் கூடி உட்கார்ந்து பேசலாம்தானே? அதற்கு எந்தச் சுற்றறிக்கையும் தேவையில்லை.

அந்த மூதூர்ப் பிள்ளையைத் திரும்பக் கூப்பிட்டு, போனை எடுக்காமல் விட்டது என் பிழை என்று சொன்னேன். நிறைய நேரம் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். "ஒருத்தரும் இப்பிடிச் சொன்னதில்ல" என்றாள். அடுத்த கிழமையும் பிந்தித்தான் வந்தாள். ஆனால் வந்தாள்.

தங்கச்சியை வியாழக்கிழமை நாலு மணிக்கு வரச் சொல்லியிருக்கிறேன். கேஸைப் பற்றி முதலில் பேசப்போவதில்லை. அப்படியொரு பிள்ளைக்கு முன்னால் இருக்கும்போது தனக்குள்ளே என்ன நடக்கிறது என்று அவள் சொல்லட்டும்.