கட்சி புதிது, ஆள் பழையவர்

தென்கிழக்கு ஆசியாவின் சின்ன நாடான கிழக்குத் திமோரில் 2017இல் மக்கள் விடுதலைக் கட்சி முதல் தேர்தலிலேயே 8 ஆசனம் எடுத்ததை இளைஞர் அலை என்று, புதுக் கட்சிகளைப் பற்றிய கட்டுரையில் கட்டுரையாளர் எழுதியிருக்கிறார். அரைவாசி உண்மைதான். அந்தக் கட்சியின் தலைவர் தாவூர் மத்தான் ருவாக் யார்? இந்தோனேசியாவுக்கு எதிராகக் காட்டில் நின்று சண்டை பிடித்த தளபதி, 2012 முதல் 2017 வரை நாட்டின் சனாதிபதி. பெரிய கட்டுமானத் திட்டங்களுக்குக் கொட்டும் காசைப் படிப்பு, சுகாதாரம், விவசாயத்துக்குத் திருப்பு என்று கேட்டார், சனங்களுக்கு அது பிடித்தது, சரி. ஆனால் அடுத்த வருசமே, தான் அவ்வளவு காலம் விமர்சித்த பழைய விடுதலைத் தலைவர் சனானா குஸ்மாவோவுடன் கூட்டுச் சேர்ந்துதானே பிரதமரானார்! 2020இல் அந்தக் கூட்டு உடைய, பிரெட்டிலின் என்ற இன்னொரு பழைய கட்சியின் ஆதரவோடு பதவியில் நீடித்தார். 2023இல் கட்சிக்கு மிஞ்சியது 4 ஆசனம். இதைக் கட்டுரை தொடவே இல்லை.

இன்னொன்று, அங்கே முழு நாடும் ஒரே தொகுதி, 65 ஆசனம், வாக்கில் 4 வீதம் தாண்டினால் உள்ளே போகலாம். இலங்கையில் எங்கள் திருகோணமலையில் மாவட்டத்துக்கே 4 ஆசனம்தான், சின்னக் கட்சி தனியாக நின்று என்ன செய்ய? 2024இல் தேசிய மக்கள் சக்தி இங்கே 2 எடுத்தது, அதுவும் நாடு முழுக்க அடித்த அலையில். அப்புறம், அவர்களையும் புதுக் கட்சி என்று சொல்லாதீர்கள், உள்ளே இருக்கும் மக்கள் விடுதலை முன்னணிக்கு (ஜேவிபி) அறுபது வயது.